உரைப்பது இரப்பதன்று

(நம் கல்விச் சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



25 ஆண்டுகட்கு முன்னர் நம் சங்கம் தொடங்கப்பெற்ற நாளில், நம் தெருக்களில் பட்டம் பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று அவ்வாறு எண்ண இயலாது. ஆசிரியர், செவிலியர், பொறியாளர், வழக்குரைஞர் எனப் பலர் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் விழா நாள் என்பது வந்து சேர்ந்தவர்களை எண்ணி மகிழும் நாள் மட்டுமன்று. வராமற் போனவர்களை நினைத்துப் பார்க்க வேண்டிய நாளுமாகும். பன்னிரண்டாம் வகுப்பு வரை நன்கு பயின்று, கல்லூரியும் புகுந்து, ஓராண்டிலோ ஈராண்டிலோ ஓசையின்றி வீடு திரும்பிவிட்ட பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். வறுமையால் திரும்பியோரைப் பற்றி இச்சங்கம் பலகாலும் பேசியிருக்கிறது. செவி சரிவரக் கேளாமையாலும், கண் தெளிவுறக் காணாமையாலும், கை விரைந்து எழுதாமையாலும், அக்குறையை எவரிடமும் சொல்லாமையாலும் திரும்பியோரைப் பற்றிய பேச்சு மேடையேறியதில்லை. அதனை இன்று பேசுவோம்.

சொன்னாலன்றி அறியார்

ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளையின் குறை மறைந்திருப்பதில்லை. ஆசிரியருக்கு அப்பிள்ளையின் தாயையும் தெரியும், பாட்டியையும் தெரியும். காது மந்தமான பிள்ளையை முன் வரிசையில் அமர்த்துவதும், கால் நடக்கவியலாத பிள்ளையின் வகுப்பைக் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்வதும் கேளாமலே நடந்துவிடும். கல்லூரியோ வேறோர் உலகம். பாடத்திற்கு ஓர் ஆசிரியர். வகுப்பிற்கு 60, 70 மாணவர். அங்கே நாம் சொன்னாலன்றி நம் குறையை எவரும் அறியார். அறியாதவர் உதவுவது எங்ஙனம்?

மாணவி ஒருத்தியின் செய்தியைச் சொல்வோம். அவளுக்குச் சிறு வயதில் காதில் சீழ் வடிந்தது. கூலி வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அலைய இயலாத பெற்றோர், எண்ணெய் காய்ச்சி ஊற்றினர். செவித்திறன் பெரிதும் குறைந்துவிட்டது. உதட்டசைவைக் கூர்ந்து நோக்கிப் பொருள் கொள்ளப் பழகிய அவள், பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்றுக் கல்லூரி சேர்ந்தாள். அங்கே ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பி நின்று பேசினார். வகுப்பின் பின்புறம் நடந்துகொண்டே குறிப்புச் சொன்னார். அவளுக்கு உதடு தெரியவில்லை, பாடமும் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வில் வினாவே காதில் விழாமல் வாளாவிருந்தாள். விடை அறியாதவள் என்று குறிக்கப்பெற்றாள். முதலாண்டில் 4 தாள்கள் அரியர். ‘படிப்பு ஏறவில்லை’ என்று ஊர் சொல்லிற்று.

அவள் அண்ணன் சிறிது விவரம் அறிந்தவன். அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெற்று, தங்கையையே ஒரு மடல் எழுதச் செய்து, துறைத் தலைவரிடம் அவள் கையாலேயே கொடுக்கச் செய்தான். அவள் கேட்டவை மூன்றே. முன் வரிசையில் நிலையான ஓர் இடம். ஆசிரியர் மாணவரை நோக்கி நின்று பேசுதல். வாய்மொழித் தேர்வில் வினாக்களை எழுதிக் காட்டுதல். மூன்றும் கிடைத்தன. கல்லூரிக்கு இதனால் ஆன செலவு ஒரு ரூபாயும் இல்லை. மூன்றாம் ஆண்டு முடியுமுன் எல்லாத் தாள்களிலும் தேறினாள். முதலாண்டில் அவளுக்கு இருந்த அறிவும் அதே அறிவுதான். மாறியது அவள் சொன்னதும், அவர்கள் அறிந்ததுமே.

மறைப்பது ஏன்?

நம் பிள்ளைகள் ஏன் மறைக்கின்றனர்? நாம் ஆசிரியப் பணியில் கண்டவரையில் காரணங்கள் மூன்று.

முதலாவது, உடற்குறை முன்வினைப் பயன் என்னும் எண்ணம். குறையுள்ள பிள்ளை பிறந்தால் எந்தப் பிறவியில் செய்த பாவமோ என்று சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அன்பர்களே, இச்சொல்லை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? நம் முன்னோர் சேரிக்குள் அடைக்கப்பட்டதற்கும், குளத்து நீரைத் தொடவும் தடுக்கப்பட்டதற்கும் காட்டப்பட்ட நியாயம் இதுவே அன்றோ? பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன். அது அவனது முற்பிறவி வினை என்றார்கள். அந்தப் பொய்யை அயோத்திதாசப் பண்டிதர் மறுத்தார். அண்ணல் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவி அதனை உதறினார். சாதிக்குப் பொய்யென்று நாம் தள்ளிய அதே நியாயத்தை நம் பிள்ளையின் காதுக்கும் கண்ணுக்கும் மெய்யென்று கொள்ளுதல் தகுமோ? சீழ் வடிந்த காதைக் கெடுத்தது முற்பிறவி அன்று. அருகில் மருத்துவமனை இல்லாமையும், ஒரு நாள் கூலியை இழக்க முடியாத வறுமையுமே.

இரண்டாவது, இரண்டாம் முத்திரை பற்றிய அச்சம். ‘ஏற்கெனவே இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று ஒரு முத்திரை. இதனையும் சொன்னால், இவனுக்கு எல்லாமே சலுகைதான் என்பார்களே’ என்று இளைஞர் நம்மிடம் கேட்டதுண்டு. இஃது உண்மையான துன்பம். இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆகவே இதற்கு விரிவாகவே விடை கூறுவோம்.

மூன்றாவது, திருமணம் பற்றிய கவலை. பெண்ணுக்குச் சான்றிதழ் வாங்கினால் நாளை மாப்பிள்ளை அமைவானா என்று தாய்மார் தயங்குகின்றனர். தாய்மார்களே! சான்றிதழ் குறையை உண்டாக்குவதில்லை, இருப்பதைத்தான் எழுதுகிறது. படிப்பைக் கைவிட்டு வீட்டில் இருக்கும் மகளுக்கும் அந்தக் காது அப்படியேதான் இருக்கும். பட்டமும் ஊதியமும் உடைய மகள் தன் வாழ்வைத் தானே நிறுத்திக்கொள்வாள். எது பாதுகாப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

சாதிச் சான்றிதழ் கற்பித்த பாடம்

இரண்டாம் முத்திரை பற்றிய கேள்விக்கு விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசித்த காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். பெயர் வாசிக்கப்பட்டதும் எழுந்து நிற்க வேண்டும். அருகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்த நாணம் பொறாமல் விண்ணப்பமே போடாதவர்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் கட்டணம் கட்டவியலாமல் படிப்பை நிறுத்தினர். எழுந்து நின்றவர்களோ படித்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று பட்டதாரிகள்.

இதனால் நாம் அறிவது என்ன? வெட்கக்கேடு சான்றிதழில் இல்லை. அதனைத் தெருவறிய வாசித்தவரின் செயலில் இருந்தது. எனவே நாம் கற்க வேண்டிய பாடம் சான்றிதழை மறைப்பதன்று. அதனை யாரிடம், எப்போது, எதற்காகக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதே. அலுவலகத்திற்குத் தெரிவிப்பது ஒன்று. வகுப்புத் தோழர் அனைவர்க்கும் அறிவிப்பது மற்றொன்று. முன்னது உரிமை பெறும் வழி. பின்னது முற்றிலும் உங்கள் விருப்பம்.

சலுகை என்னும் சொல்லையும் ஆராய்வோம். கண்ணாடி அணிந்து தேர்வு எழுதுபவனை எவரும் சலுகை பெற்றவன் என்பதில்லை. மெல்ல எழுதும் கைக்குக் கூடுதல் நேரம் தருவதும், காணாத கண்ணுக்குச் சொல்வதை எழுதுபவரைத் தருவதும் அத்தகையனவே. வினாத்தாள் அதே வினாத்தாள்; திருத்தும் முறையும் அதே முறை. அறிவை அளப்பதற்காக நடைபெறும் தேர்வு, கையின் வேகத்தை அளந்துவிடாதவாறு செய்யும் ஏற்பாடே இது.

சட்டம் தந்திருப்பது

நம் சங்கம் தோன்றிய நாளில் நடைமுறையில் இருந்தது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அது 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. அதன் இடத்தில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பெற்று, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பார்வையின்மை, குறைந்த பார்வை, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றோடு, கண்ணுக்குப் புலனாகாத குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், அரிவாளணுச் சோகை முதலியனவும் இதில் அடங்கும். எழுத்துகள் மாறி மாறித் தோன்றிப் படிக்கத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடித்த காலம் போயிற்று. அதற்கும் பெயர் உண்டு, சான்றிதழ் உண்டு, உதவியும் உண்டு.

குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு, அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு நிதியுதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்பெற வேண்டும். சேர்க்கைக்குரிய உச்ச வயதில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றிற்கு வழி செய்யுமாறு சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. எழுத்துத் தேர்வுகட்காக நடுவணரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத ஈடு நேரத்தைக் குறிப்பிட்டன. அஃதாவது, 3 மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் மிகுதியாகக் கிடைக்கும்.

‘எனக்கு 40 விழுக்காடு இல்லையே’ என்போர்க்கும் ஒரு செய்தி. எழுதும்போது கை இசிவு கண்டு இயங்காத நிலையுடைய விகாஷ் குமார் என்பவர், இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார், மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தகுந்த வசதி செய்து கொடுக்கும் கடமையை 40 விழுக்காடு என்னும் எல்லையோடு கட்டிவிடலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதனைத் தொடர்ந்து, அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டு எழுத இடர்ப்படுவோர்க்கென 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் தனி நெறிகள் வெளியாயின.

மற்றொரு ஐயத்தையும் தீர்த்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளி என்று பதிந்தால் ஆதிதிராவிடர் ஒதுக்கீடு போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். போகாது. சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு செங்குத்தானது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு அதன் குறுக்கே கிடையாகச் செல்வது. 1992ஆம் ஆண்டு மண்டல் வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. இரண்டு சான்றிதழ்களும் ஒரே கையில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

எப்படிச் சொல்வது?

இளைஞர்களே, இனி நடைமுறை. முதற்பணி சான்றிதழ். கல்லூரியில் சேர்ந்தபின் தேடலாம் என்றிராமல், பதினொன்றாம் வகுப்பிலேயே அரசு மருத்துவமனை வழியாகச் சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டையும் பெற முயலுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். ஒரே நாளில் முடியும் வேலையன்று. இரண்டு மூன்று முறை நடக்க நேரலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்விலேயே கூடுதல் நேரம் முதலியன பெற்றிருந்தால், அந்த ஆணையின் படியைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியில் அது நல்ல சான்றாகும்.

இரண்டாவது, சேர்க்கை விண்ணப்பம். அதில் மாற்றுத்திறனாளியா என்று கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். பொறியியல் போன்ற சேர்க்கைகளில் சிறப்புப் பிரிவினரின் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே நடந்து முடிந்துவிடும். பின்னர்ச் சொன்னால் அவ்விடம் மீளாது.

மூன்றாவது, மடல். சேர்ந்த முதல் மாதத்திலேயே முதல்வருக்கும் துறைத் தலைவருக்கும் எழுத்து வடிவில் தெரிவியுங்கள். தேர்வு பற்றிய வேண்டுகோளின் படி தேர்வாணையர் அலுவலகத்திற்கும் செல்லட்டும். தேர்வுக்கு முந்திய நாள் ஓடி நின்றால், உதவ விரும்புபவராலும் உதவ இயலாது. மடலில் உங்கள் துன்ப வரலாற்றை எழுத வேண்டுவதில்லை. மூன்று செய்திகள் போதும். குறைபாடு இன்னது, அதனால் படிப்பில் நேரும் இடர் இன்னது, வேண்டும் ஏற்பாடு இன்னது. ‘உதவி செய்யக் கோருகிறேன்’ என்று பொதுவாக எழுதினால் இரக்கம் கிடைக்கலாம்; வசதி கிடைக்காது. ‘வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருக’, ‘தேர்வு அறையைத் தரைத்தளத்தில் அமைத்துத் தருக’ என்று குறிப்பாக எழுதினால், ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்லியே தீர வேண்டும். மடலின் படியொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் நாளும் வாங்கி வையுங்கள். சான்றிதழின் மூலத்தை எவரிடமும் விட்டு வாராதீர்கள்.

என்னென்ன கேட்கலாம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பார்வை குறைந்தோர், கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை நூலகக் கணினியில் நிறுவுமாறு கேட்கலாம், என்.வி.டி.ஏ. என்னும் அத்தகைய மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. அச்சு நூலைப் படிக்கவியலாதோர்க்காக அதனை ஒலி நூலாகவோ பிரெயிலாகவோ மாற்றிக்கொள்ள, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டமே இடமளிக்கிறது. மனநோய்க்கு மருந்து உண்போர், வருகைப் பதிவிலும் ஒப்படைப்பு நாளிலும் தளர்வு வேண்டலாம். அவர்கள் நோயின் முழு விவரத்தையும் வகுப்பாசிரியர் அனைவர்க்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நோயாளியின் செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே கூறுகிறது. ‘இச்செய்தியை இவ்வலுவலகத்திற்கு அப்பால் என் இசைவின்றிப் பகிர வேண்டா’ என்று மடலின் இறுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மறுத்தால், இகழ்ந்தால்

சொன்னவுடன் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்று நாம் கூறவில்லை. சில இடங்களில் விதியே தெரியாதவர் இருப்பர். சில இடங்களில் தெரிந்தும் செய்யாதவர் இருப்பர். சினந்து பேசித் திரும்புவதினும், மறுப்பை எழுத்தில் தருமாறு அமைதியாகக் கேட்பது வலியது. அரசு நிறுவனங்களில் குறை தீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடமும் தீராவிடின், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

இகழ்ச்சிக்கும் சட்டம் உண்டு. பலர் காணும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பவர்க்கு, 6 மாதத்திற்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் விதிக்கப்பட்டுள்ளன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதி இழிவுக்கு வகுத்திருக்கும் தண்டனையும் அதே அளவினதே. சாதியால் இகழ்ந்தாலும் உடலால் இகழ்ந்தாலும் மானத்தின் விலை ஒன்றே என்று நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் அதினும் குறைவாக நம்மை மதிப்பிடலாமோ? நம் தெருவிலேயே ஒருவரை நொண்டி என்றும் செவிடன் என்றும் விளிக்கும் வழக்கம் இருக்குமாயின், அதனை இன்றோடு விட்டொழித்தலும் இவ்விழாவின் பயனாகட்டும்.

சங்கம் செய்ய வேண்டுவன

இறுதியாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதல் மாதத்தில் நம் பிள்ளைகள் அனைவர்க்கும் கண்ணும் காதும் சோதிக்க ஏற்பாடு செய்தல். காதில் சீழ் வடியும் பிள்ளை அந்த வாரமே மருத்துவரிடம் சேர்க்கப்பெறுமாயின், பத்தாண்டு கழித்துச் சான்றிதழ் தேட வேண்டிய நிலையே வாராமற் போகலாம்.

இரண்டு, சான்றிதழுக்குச் செல்லும் குடும்பத்தோடு படித்த ஒருவரை உடன் அனுப்புதல். அன்றைய கூலியை இழக்கும் பெற்றோர்க்கு அதனை ஈடுசெய்யச் சிறு நிதியொன்று வேண்டும். மருத்துவமனை வரிசையில் மூன்று நாள் நிற்கவியலாமையால் ஒரு பிள்ளையின் பட்டம் போய்விடலாகாது.

மூன்று, நம் பட்டதாரிகள் தம் குரலையும் கையையும் கடனாகத் தருதல். பார்வையற்ற மாணவருக்குப் பாட நூலைப் படித்துக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து தருவதற்கு வாரம் 2 மணி நேரம் போதும். தேர்வுக் காலத்தில் சொல்வதை எழுத முன்வருவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். அந்தந்தத் தேர்வின் விதிக்கு ஏற்றவரை அதிலிருந்து தெரிந்தெடுத்துக்கொள்ளலாம்.

இளைஞர்களே! எழுதப் படிக்க உரிமையில்லை என்று விலக்கப்பட்ட ஒரு மக்கள், ‘நாங்கள் இன்னார், எங்கட்கு இது வேண்டும்’ என்று வாய் திறந்து சொன்னதனால்தான் இந்த அவை இன்று நிறைந்திருக்கிறது. வாய் மூடி இருந்த காலத்தில் நமக்கு எவரும் எதுவும் கொண்டு வந்து தரவில்லை. அந்த வழியிலேயே நீங்களும் உங்கள் குறையைச் சொல்லுங்கள், தேவையைச் சொல்லுங்கள், தலை நிமிர்ந்து சொல்லுங்கள். உரைப்பது இரப்பதன்று.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் பிள்ளைகள்! ஜெய் பீம்!